இந்த வயதிலா?

ஒவ்வொரு வயதுக்கும் உரிய நோய்கள் அந்தந்த வயதில்தான் வரும் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. பால்பல் முளைக்கும் பருவத்தில் காய்ச்சல், பள்ளிப் பருவத்தில் அம்மை, நடுவயதில் நீரிழிவு, முதுமையில் மூட்டுவலி என வாழ்க்கைக்கு யாரோ பாடத்திட்டம் வகுத்து வைத்திருப்பதுபோல உலகம் நடந்துகொள்கிறது. ஆண்டுப் பாடத்திட்டம் எழுதிப் பழகிய ஆசிரியர்களிடம் இவ்வெண்ணம் இன்னும் சற்று அழுத்தமாகவே வேரூன்றியிருக்கும். ஆயினும் உடல், எந்தப் பாடத்திட்டத்தையும் படித்துவிட்டு நடப்பதில்லை. இவ்வுண்மையைப் பேரா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று 2016ஆம் ஆண்டில் கற்றுக்கொண்டது. கற்பித்தவர் அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அப்போது அவருக்கு வயது 36.

பால்மரம் சீவிய தாய் தந்தையரின் மகன் அவர். அதே தோட்டத்துப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, அதே பள்ளிக்கே திரும்பி வந்தவர். அவர் காலை ஆறரை மணிக்குத் திடலில் நின்று ஊதும் விசிலோசை கேட்டுத் தோட்டத்து வீடுகளில் நேரம் கணித்தவர்கள் உண்டு. மாவட்டப் போட்டிகளில் சிறிய பள்ளியின் பெயரை ஒலிக்கச் செய்தவர். நோய்க்காக விடுப்பு எடுத்தறியாதவர்.

அவ்வாண்டு ஏப்ரல் திங்களில், உயரம் தாண்டும் பயிற்சிக்கான மெத்தையை மாணவர்களோடு சேர்ந்து தூக்கியபோது, அவர் முதுகில் ஏதோ முறிந்ததுபோல் உணர்ந்தார். மெத்தையை விட்டுவிட்டுச் சிறிது நேரம் குனிந்தபடியே நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். அந்த வலி அன்றோடு நிற்கவில்லை.

ஆசிரியர் அறையில் அவருடைய முதுகு வலி வேடிக்கைப் பேச்சாயிற்று. "உடற்கல்வி ஆசிரியருக்கு முதுகு வலி என்பது, தமிழாசிரியருக்கு எழுத்துப்பிழை வந்தது போல அல்லவா இருக்கிறது!" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அனைவரும் சிரித்தனர், அவரும் உடன் சிரித்தார். பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் இரண்டு முறை சென்று தைலமிட்டு உருவி விட்டுக்கொண்டார். தனியார் கிளினிக்கில் வலி நீக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்ததும் வலி வந்தது. வலி வந்ததும் மீண்டும் மாத்திரை வாங்கினார். "தசைப்பிடிப்புத்தான். இந்த வயதில் வேறென்ன வரப்போகிறது?" என்பதே எல்லாரும் சொன்ன ஆறுதல்.

ஆகஸ்டில் நுரையீரல் அழற்சி கண்டு ஒரு வாரம் படுத்தார். எழுந்தபின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. மருத்துவ விடுப்புச் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலுவலகத்துக்கு வந்தன. அவருக்குப் பதிலாக வகுப்பெடுக்க நேர்ந்தவர்கள் முணுமுணுத்தனர். உடம்பில் வலுவுள்ள இளைஞர் இத்தனை சீட்டுக் கொண்டுவந்தால் ஐயம் எழத்தானே செய்யும் என்று அவர்கள் தங்களுக்குள் நியாயம் கற்பித்துக்கொண்டனர். வலியைவிட அந்த ஐயமே அவரை மிகுதியும் வருத்திற்று. அதனால் வலியை மறைக்கத் தொடங்கினார். மறைத்த வலி மேலும் பல வாரங்களை விழுங்கிற்று.

இறுதியில் சரியான கேள்வியைக் கேட்டவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். திடலின் படிக்கட்டில் அமர்ந்திருந்தவரிடம் அவன் வந்து, "ஐயா, முன்பெல்லாம் நீங்கள் விசில் ஊதினால் எங்கள் வீடு வரை கேட்கும். இப்போது ஏன் கேட்பதில்லை?" என்றான். அவரிடம் விடை இல்லை. அன்று மாலை அதனை மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னார். பாலர் பள்ளி ஆசிரியையாகிய அவ்வம்மையார் சிரிக்கவில்லை. கணவரின் உள்ளங்கைகளை விளக்கொளியில் விரித்துப் பார்த்தார்; வெளுத்திருந்தன. "என்னங்க, இனி முதுகைப் பற்றிப் பேச வேண்டாம். இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார்.

அரசாங்க மருத்துவமனையில் அவரைப் பார்த்தவர் முப்பது வயதும் நிரம்பாத மலாய்ப் பெண் மருத்துவர். வலி எப்போது தொடங்கியது, இரவில் விழிக்கச் செய்கிறதா, உடல் எடை குறைந்ததா, இவ்வாண்டில் வேறு நோய் வந்ததா என்று பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு விடையையும் எழுதிக்கொண்டார். இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம் அளவில் இருந்தது. உடல்நலமுள்ள ஆடவருக்கு அது 13 கிராமுக்குக் குறைதல் கூடாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அளவுக்கு மீறிக் கிடந்தன. இவை நான்கையும் தனித்தனியே பார்த்தால் நான்கு சிறு குறைகள். அம்மருத்துவர் நான்கையும் சேர்த்துப் பார்த்தார். தலைநகரின் பெரிய மருத்துவமனைக்கு அவரை அனுப்பினார். அங்கே இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துச் சோதித்து, நோயின் பெயரைச் சொன்னார்கள்: மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இரத்தப் புற்றுநோய் வகை அது. அப்பெயரைச் சொன்ன மூத்த மருத்துவரே, நோயாளியின் அட்டையில் இருந்த பிறந்த ஆண்டை மறுமுறையும் பார்த்து, "இந்த வயதிலா?" என்றாராம்.

அவர் வியந்ததில் தவறில்லை. மைலோமா பெரும்பாலும் முதியோரைத் தேடி வரும் நோய். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் 1985 முதல் 1998 வரை இந்நோய் கண்டறியப்பட்ட 1027 பேரைப் பற்றிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. அவர்களுள் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நூற்றுக்கு இருவர்தாம். எழுபதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 38 பேர். அதே ஆய்வில் நூற்றுக்கு 73 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. நூற்றுக்கு 58 பேருக்கு எலும்பு வலி இருந்தது. இரத்தச்சோகையும் எலும்பு வலியும் சேர்ந்து வந்தால் முதியவரிடம் மருத்துவர் மைலோமாவை ஐயுறுவார். இளையவரிடம் வலியைத் தசைப்பிடிப்பு என்றும், சோர்வை உழைப்பின் மிகுதி என்றும் பிரித்துவிடுவது எளிது. நூற்றுக்கு இருவர் என்பது மிகச் சிறிய எண்ணே. ஆயின், அந்த இருவருள் ஒருவராக இருப்பவருக்கு நோய் நூற்றுக்கு நூறாகவே வந்து சேர்கிறது.

வியப்புக்குரிய செய்தி வேறொன்றும் உண்டு. மருத்துவ நூல்களில் தெளிவாகப் பதிவான முதல் மைலோமா நோயாளியாகக் கருதப்படுபவர் முதியவர் அல்லர். அவர் லண்டன் மாநகரில் வாழ்ந்த சாரா நியூபரி என்னும் இல்லத்தரசி. இறக்கும்போது அவருக்கு வயது 39. 1840 செப்டம்பரில் ஒரு நாள் குனிந்தபோது முதுகில் கடும்வலி கண்டது. அங்கே தொடங்கிற்று அவருடைய துன்பம். ஆண்டுகள் செல்லச் செல்ல நடமாட்டம் குன்றிற்று. ஒரு நாள் கணவர் அவரைத் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுசெல்லும்போதே தொடை எலும்புகள் முறிந்தன. அன்பு மிகுந்து தூக்கிய கைகளிலேயே மனைவியின் எலும்பு முறிந்த ஓசையைக் கேட்ட அந்தக் கணவரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! பின்னர்க் காறை எலும்புகளும் வலக்கை எலும்புகளும் முறிந்தன. 1844 ஏப்ரல் 15ஆம் நாள் புனித தாமஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆரஞ்சுத் தோல் ஊறல், பேதி மாத்திரை, இரவில் அபினி கலந்த மருந்து, உணவாக ஆட்டிறைச்சி, கூவைக்கிழங்குக் கஞ்சி, திராட்சை மது ஆகியவையே அக்காலத்து மருத்துவம் அவருக்குத் தர முடிந்தவை. ஐந்தாம் நாள் அவர் உயிர் நீத்தார். அவர் எலும்புகளை ஆராய்ந்த சாமுவேல் சாலி என்னும் அறுவை மருத்துவர், உள்ளே இருக்க வேண்டிய எலும்பின் இடத்தைச் செந்நிறப் பொருள் ஒன்று பிடித்திருக்கக் கண்டார். அவ்வாண்டே அதனை எழுதி வெளியிட்டார். அவருக்கு நோயின் பெயர் தெரியாது. எலும்பு மென்மையாகும் நோய் என்றே குறித்தார்.

மறு ஆண்டு அதே லண்டனில் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன் என்னும் 45 வயது வணிகர் நோயுற்றார். ஓராண்டுக்கு முன்னர், உல்லாசப் பயணத்தில் நிலவறை ஒன்றிலிருந்து தாவி ஏறியபோது மார்பில் ஏதோ முறிந்ததுபோல் அவருக்கு வலி கண்டிருந்தது. பேரா மாநிலத்துப் பள்ளித் திடலில் மெத்தையைத் தூக்கியவரின் கதையும் இதுவே. மெக்பீனுக்கு அட்டை விட்டு இரத்தம் எடுத்தார்கள். இரும்பும் குயினைனும் கொடுத்தார்கள். இடையில் உடல் தேறி, ஸ்காட்லாந்து மலைகளில் நண்பர்களுக்கு ஈடாக ஓடியாடினார். மீண்டும் விழுந்தார். தாமஸ் வாட்சன், வில்லியம் மெக்கின்டயர் என்னும் இரு மருத்துவர்கள் அவரைக் கவனித்தனர். அவருடைய சிறுநீர் புதுமையாக நடந்துகொண்டது. காய்ச்சி அமிலம் சேர்த்தால் தெளிந்தது, ஆறினால் கட்டியாயிற்று, மீண்டும் சூடேற்றினால் கரைந்தது. முட்டையின் வெண்கருவைப் போன்ற சாதாரணப் புரதம் சூட்டில் உறைந்தால் மீண்டும் கரைவதில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். எனவே 1845 நவம்பர் முதல் நாள், அச்சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் 31 வயது வேதியல் மருத்துவருக்கு வாட்சன் அனுப்பினார். உடன் வைத்த சிறு கடிதத்தில் கண்டதைக் கண்டவாறே எழுதி, இஃது என்ன என்று கேட்டு முடித்திருந்தார்.

வாட்சன் அக்காலத்து இங்கிலாந்தின் பெயர்பெற்ற மருத்துவர்களுள் ஒருவர். மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். தாம் அறியாததைத் தம்மைவிட இளையவரிடம் கேட்க அவர் நாணவில்லை. மெக்பீன் 1846ஆம் ஆண்டின் முதல் நாளன்று இறந்துபோனார். கேள்வி இறக்கவில்லை. அச்சிறுநீரில் இருந்த புதுமையான புரதத்தைப் பற்றிப் பென்ஸ் ஜோன்ஸ் 1847, 1848ஆம் ஆண்டுகளில் எழுதினார். 'மல்டிபிள் மைலோமா' என்னும் பெயரை 1873இல் ரஷிய மருத்துவர் ருஸ்டிட்ஸ்கி சூட்டினார். அது பிளாஸ்மா அணுக்களால் வருவது என்று 1900இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹோமர் ரைட் விளக்கினார். அந்தப் புரதம் உண்மையில் என்ன என்பதை எடல்மன், கேலி என்னும் இருவர் 1962இல் தெளிவுபடுத்தினர். ஒரு கண்ணாடிக் குழாயில் அனுப்பிய கேள்விக்கு முழு விடை வர 117 ஆண்டுகள் ஆயின.

அவ்விடையை மாணவர்க்குப் புரியும்படி சொல்லலாம். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையே இரத்தம் பிறக்கும் உலை. அங்கே பிளாஸ்மா அணுக்கள் என்னும் சிறு தொழிலாளர் உண்டு. உடலுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கும் நோய் எதிர்ப்புப் பொருள்களைச் செய்வது அவர்கள் தொழில். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு வகைப் பொருளைச் செய்யும். மைலோமாவில் ஒரே ஒரு குடும்பம் கட்டுக்கடங்காமல் பெருகி, தேவையற்ற ஒரே வகைப் புரதத்தை ஓயாமல் செய்து குவிக்கிறது. உலையின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால் இரத்தச்சோகை வருகிறது. மற்றக் குடும்பங்கள் நலிவதால் கிருமிகள் எளிதில் புகுகின்றன. உடற்கல்வி ஆசிரியருக்கு வந்த நுரையீரல் அழற்சி அத்தகையதே. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் தூண்டப்படுகின்றன. எலும்பைக் கட்டும் அணுக்கள் அடக்கப்படுகின்றன. ஆகவே எலும்பு அரித்த மரம்போல ஆகிறது; கரைந்த சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் கலக்கிறது. புரதத்தின் சிறு துண்டுகள் சிறுநீரகத்தில் சென்று அடைக்கின்றன. மெக்பீனின் குழாயில் இருந்தவை அத்துண்டுகளே.

இதிலிருந்து இரண்டு செய்திகளை எவரும் மனத்தில் இருத்துதல் நன்று. கிளினிக்குகளில் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டை, வேறு வகைப் புரதத்தையே பெரிதும் காட்டும். இத்துண்டுகளைக் காட்டாமல் விட்டுவிடக்கூடும். இரண்டாவதாக, வலி நீக்கும் மாத்திரைகளுள் சில, முன்பே நலிந்த இச்சிறுநீரகத்துக்கு மேலும் தீங்கு செய்யும். அரித்த எலும்பை அழுத்தி உருவுவதும் ஆபத்தே. உடற்கல்வி ஆசிரியர் ஏழு மாதம் செய்துகொண்டவை எல்லாம் அன்பினால் பிறர் சொன்னவை; அவற்றுள் சில, நோய்க்குத் துணை போயின.

நோயின் பெயர் தெரிந்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ஆண்டு?" அவருக்கு ஏழு வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருந்தனர். வீட்டுக் கடன் இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தது. முதியவருக்கு இந்நோய் வந்தால் பிள்ளைகள் தலைமாட்டில் நின்று கவனிப்பார்கள். இளையவருக்கு வந்தால், கவனிக்க வேண்டிய பிள்ளைகள் அவருடைய மடியில் இருக்கிறார்கள். இனி ஒரு குழந்தை வேண்டுமா என்ற கேள்விக்குக்கூட மருந்து தொடங்குமுன்னரே விடை சொல்ல வேண்டியிருந்தது. மகப்பேற்றுத் திறனைக் குலைக்கக்கூடியவையும், கருவில் உள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியவையும் அம்மருந்துகளுள் இருந்தன. முதிய நோயாளிகளுக்காக அச்சிட்டு வைத்திருந்த அறிவுரைத் தாளில் இவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மனைவி தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

மனைவியர் கேட்ட கேள்விகளுக்கு இந்நோயின் வரலாற்றில் தனி இடம் உண்டு. அமெரிக்காவில் 1990களில், முப்பது வயதுகளில் இருந்த இதய மருத்துவர் ஒருவருக்கு மைலோமா வந்தது. அப்போதைய மருந்துகள் எல்லாம் தோற்றபின், அவருடைய மனைவி சோர்ந்து அமரவில்லை. ஆய்வாளர்களைத் தேடித் தேடித் தொலைபேசியில் அழைத்தார். போஸ்டன் நகரத்து ஆய்வாளர் ஜூடா ஃபோக்மன், தலிடோமைடு என்னும் மருந்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். அப்பெயரைக் கேட்டு உலகமே நடுங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அம்மருந்தைக் கருவுற்ற தாய்மார்கள் உட்கொண்டதால், ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தனர். 1961இன் இறுதியில் அங்கே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்தையே அம்மையாரின் வற்புறுத்தலின்பேரில் ஆர்கன்சாஸ் மாநிலத்து மருத்துவர் பார்ட் பார்லோகி கையாண்டார். இளம் மருத்துவருக்கு அது பயன் தரவில்லை. அவர் 1998இல் மறைந்தார். ஆனால் அதே மருந்து வேறு நோயாளிகளுக்குப் பயன் தந்தது. 84 பேரிடம் செய்த சோதனையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தேறினர் என்ற செய்தி 1999இல் வெளியாயிற்று. அதன் வழியில் லெனலிடோமைடு என்னும் மருந்து பிறந்தது. தம் கணவரைக் காக்க முடியாத அப்பெண்மணியின் கேள்வி, அவர் முகம் அறியாத எத்தனையோ குடும்பங்களைக் காத்தது.

அக்குடும்பங்களுள் உடற்கல்வி ஆசிரியரின் குடும்பமும் ஒன்று. 2016 டிசம்பரில் ஊசி மருந்தும் மாத்திரைகளும் தொடங்கின. 2017இன் நடுவில் அவருடைய இரத்தத்திலிருந்தே மூல அணுக்களைப் பிரித்தெடுத்து உறையவைத்தார்கள். பிறகு மெல்ஃபலான் என்னும் மருந்தைப் பேரளவில் செலுத்தினார்கள். 1983இல் லண்டனில் மெக்எல்வைன், பவுல்ஸ் என்னும் மருத்துவர்கள் முதன்முதலில் விளக்கிய முறை அது. மஜ்ஜையில் இருந்த நல்லதையும் தீயதையும் மருந்து சேர்த்தே எரித்தது. உறையவைத்த அணுக்களை மீண்டும் உடலில் ஏற்றினார்கள். அவை தாமே வழி கண்டுபிடித்து மஜ்ஜைக்குச் சென்று குடியேறின. அவர் முடி கொட்டிற்று, வாய் புண்ணாயிற்று, இருபது நாள் தனியறையில் இருந்தார். கண்ணாடிக்கு அப்பால் நின்று மகள் கை அசைத்தாள். பழைய தடுப்பூசிகளின் பயன் அழிந்துபோனதால், பிற்பாடு அவற்றை மீண்டும் போட்டுக்கொண்டார். முதலாம் ஆண்டு மாணவர்களோடு தாமும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று என்று அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

2018 சனவரியில் பள்ளி திறந்தபோது அவர் திரும்பி வந்தார். திடலுக்குச் செல்ல மருத்துவர் இசைவு தரவில்லை. நூலகமும் நன்னெறிக் கல்வியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் வருமுன்னரே, வேடிக்கை பேசிய மூத்த ஆசிரியர், நூலகத்தின் கனமான புத்தகக் கட்டுகளை எல்லாம் ஒருவரும் கேளாமலேயே கீழ்த்தட்டுகளிலிருந்து எடுத்து மேசை உயரத்தில் அடுக்கி வைத்திருந்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

மைலோமா பெரும்பாலும் அடங்குமே தவிர, வேரோடு அழிவது அரிது. இந்த உண்மையை மருத்துவர்கள் அவருக்கு மறைக்கவில்லை. இளையவர்கள் பொதுவாக முதியவர்களைக் காட்டிலும் கடுமையான மருத்துவத்தைத் தாங்கி நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதையும் சொன்னார்கள். ஆறாண்டு அடங்கியிருந்த நோய் 2023இல் மீண்டும் தலைதூக்கிற்று. பழைய மருந்தை நிறுத்திப் புதிய மருந்தைக் கொடுத்தார்கள். அவர் சாரா நியூபரியின் வயதைக் கடந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஏழு வயதில் கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகள் இப்போது இடைநிலைப்பள்ளி மாணவி. அப்பாவின் மருந்துப் பெட்டியை நிரப்புவது அவள் பொறுப்பு.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைக் கற்பிக்காத தமிழாசிரியர் இலர். மருத்துவம் செய்பவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் அங்கே கூறுகிறார். நோயாளியின் அளவு என்பதில் பருவத்தையும் சேர்த்துப் பொருள் காண்கிறார் பரிமேலழகர். வயதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது சரியே. ஆனால் எண்ணிப் பார்ப்பது வேறு, வயதைக் காட்டி வாயை அடைப்பது வேறு. "இந்த வயதிலா?" என்பது கேள்வியாக இருக்கும்வரை அது நன்மை செய்யும், மேலும் தேடத் தூண்டும். அதே சொல் விடையாக மாறிவிட்டால், தேடல் அங்கேயே நின்றுவிடும். ஏழு மாதம் அப்பள்ளியில் அது விடையாகவே இருந்தது.

இளையோரின் முதுகு வலி அனைத்தும் மைலோமா ஆகிவிடாது. பெரும்பாலானவை ஓய்வெடுத்தால் தீர்பவை. ஆகவே எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆறு வாரம் கடந்தும் தீராத எலும்பு வலி, காரணம் தெரியாத சோர்வு, வெளுத்த தோற்றம், அடிக்கடி வரும் தொற்று, சிறு அசைவில் முறியும் எலும்பு ஆகியவை சேர்ந்து வந்தால், இரத்தத்தையும் அதில் உள்ள புரதத்தையும் சோதிக்கும்படி கேட்பதற்கு எந்த வயதும் தடையாதல் கூடாது. மருத்துவ விடுப்புச் சீட்டைக் கொண்டுவரும் இளைய ஆசிரியரிடம் ஐயத்தோடு பார்ப்பதற்கு முன், "எப்போது முதல் வலிக்கிறது?" என்று கேட்பதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கே அது கைவந்தது.

அம்மாணவன் இப்போது பல்கலைக்கழகம் செல்லும் வயதினன். பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளன்று அவன் உதவிக்கு வருகிறான். உடற்கல்வி ஆசிரியர் கூடாரத்து நிழலில் அமர்ந்து, நீளம் தாண்டியோரின் அளவுகளை எழுதுகிறார். அளவுநாடாவைப் பிடித்து எண்ணை உரக்கச் சொல்பவன் அவன். காது கேளாததுபோல் அவர் சில வேளை மறுமுறை கேட்பார். அவனும் சலிப்பின்றி மறுமுறை சொல்வான்.